குப்பியின் ஊதாச் சதுரம் சொல்வதும் சொல்லாததும்

போலியோ சொட்டு மருந்து முகாம் நெருங்க நெருங்க, காஞ்சிபுரம் பக்கத்து வாசகர் கடிதங்களில் ஒரே கேள்வி: குப்பியிலுள்ள சின்னச் சதுரம் லேசாக ஊதா நிறத்தில் இருக்கிறதே, மருந்து கெட்டுவிட்டதா?

இல்லை. அந்தச் சாயல் முதல் நாளிலிருந்தே இருக்கும்.

வி.வி.எம். எனப்படும் இந்த அடையாளம் 1996-இல் போலியோ குப்பிகளில் அறிமுகமானது. பட்ட சூட்டையெல்லாம் சேர்த்துவைத்துக் கறுக்கும் மை இது. மறுபடி ஐஸில் வைத்தாலும் வெளுக்காது. போலியோ குப்பியின் சதுரம் 37 டிகிரி செல்சியஸில் 2 நாளிலும், 5 டிகிரியில் 225 நாளிலும் எல்லையைத் தொடும்.

நிறம் மாறும் மைகளுக்கு அச்சிடும் பரப்புதான் பெரிய தலைவலி. வழவழப்பான தாளில் பளிச்சென்று தெரியும் மை, உறிஞ்சும் தாளில் மங்கிவிடும். சூட்டில் நிறமிழக்கும் நீல மையை மஞ்சள் தாளில் அச்சிட்டால் முதலில் பச்சையாகத் தெரியும், சூடேறியதும் மஞ்சள் மட்டுமே மிஞ்சும். நெற்றியில் ஒட்டிக் காய்ச்சல் பார்க்கும் பட்டையின் திரவப் படிகத்துக்கோ கறுப்புப் பின்னணி இல்லாமல் முடியாது. போதாக்குறைக்கு, டியூப்லைட்டில் ஒரு நிறம், கூரம் கிராமத்து அங்கன்வாடி வாசல் வெயிலில் வேறு நிறம்.

வி.வி.எம். இதைச் சமாளிக்கும் விதம் அபாரமானது. சதுரத்தைச் சுற்றி, சூட்டுக்கு மாறாத மையில் ஓர் ஊதா வட்டம். இரண்டும் ஒரே லேபிளில், ஒரே வெளிச்சத்தில். ஆகவே நிறம் என்னவென்று கண் கணிக்க வேண்டியதில்லை; சதுரம் வட்டத்தைவிட வெளிறியிருக்கிறதா என்று பார்த்தால் போதும். வட்டத்தின் நிறத்தை எட்டினாலோ தாண்டினாலோ அந்தக் குப்பியைப் பயன்படுத்தக் கூடாது.

ஒட்டும் இடத்துக்கும் பொருள் உண்டு. தட்டம்மை போன்ற பொடித் தடுப்பூசிகளில் இந்த அடையாளம் மூடியிலோ கழுத்திலோ இருக்கும். கரைத்த மருந்தை 4 மணி நேரத்துக்குள் தீர்க்க வேண்டும். கரைத்த பிறகு நிறம் சாட்சியாகாது.

‘சதுரம் வெளிறியிருந்தால் மருந்து தரமானது’ என்ற முகாம் பிரசாரம் பாதி உண்மைதான். வி.வி.எம். சூட்டை மட்டுமே அறியும். பென்டாவேலன்ட், ஹெபடைடிஸ் பி ஊசி மருந்துகள் உறைந்தால் வீணாகும். சதுரமோ வெளிறியபடியே நிற்கும். சந்தேகம் வந்தால் குலுக்கிப் பார்க்கும் சோதனை தனியே செய்ய வேண்டும்.

இன்னும் சில கேள்விகள். போலியோ சொட்டு மருந்து உறைந்தால்? கெடாது.

சதுரம் சரி, காலாவதித் தேதி முடிந்துவிட்டால்? கொடுக்கக் கூடாது.

தவணை ஊசிகள் முடிந்த குழந்தைக்கும் முகாமில் வேண்டுமா? 5 வயதுக்குள் என்றால் வேண்டும்.

முகாமுக்குப் போகும் பெற்றோரே, குழந்தை வாய் திறக்கும் முன் குப்பியைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். கேட்பதற்குத் தயங்க வேண்டாம்.