“நடந்துடுவேன், நிக்கத்தான் முடியலை”

எலும்பு மூட்டு மருத்துவரின் அறையில் அறுபதைத் தாண்டியவர்கள் அடிக்கடி சொல்லும் வார்த்தை இது. கூட வந்த மகனுக்கோ மருமகளுக்கோ இது புதிராக இருக்கும். காலையில் தெருமுனை வரை நடந்து பால் வாங்கி வருகிறவரால் ரேஷன் கடை வரிசையில் பத்து நிமிடம் நிற்க முடியாதா? உண்மையிலேயே முடியாது. அது சாக்கும் இல்லை, சோம்பலும் இல்லை.

இப்படிப்பட்டவர்கள் வெளியே போவதை ஒரே நாளில் நிறுத்திவிடுவதில்லை. முதலில் கல்யாண வரவேற்புகள் கழியும், அடுத்து கோயில், பிறகு கடைத்தெரு. கடைசியில் மருத்துவமனைக்கு மட்டும் வெளியே வருவார்கள். கேட்டால், தூரம் அதிகம் என்று சொல்ல மாட்டார்கள். “போற இடத்துல உட்கார இடம் இருக்குமோ, இருக்காதோ” என்பார்கள். இந்த ஒரு சந்தேகத்துக்குத்தான் ஒரு கிலோ எடையுள்ள மடக்கு ஸ்டூல் பதில் சொல்கிறது. ஆனால் தப்பான உயரத்தில் வாங்கினால் அதுவே ஆளைக் கீழே தள்ளிவிடும். இரண்டையும் சேர்த்துப் பேச வேண்டியிருக்கிறது.

நிற்பது ஏன் இவ்வளவு கடினம்?

நாம் எழுந்து நின்றதும் அரை லிட்டருக்கும் மேற்பட்ட ரத்தம் வயிற்றுக்கும் கால்களுக்கும் இறங்குகிறது. நடக்கும்போது கெண்டைக்கால் தசைகள் ஒவ்வொரு அடிக்கும் சுருங்கி அந்த ரத்தத்தை இதயத்துக்குத் தள்ளிவிடும். அசையாமல் நிற்கும்போது அந்த உதவி கிடைப்பதில்லை. இளம் உடம்பு ரத்தக் குழாய்களைச் சுருக்கிச் சமாளித்துவிடும். வயதாகும்போதும், நீரிழிவால் நரம்புகள் பாதிக்கப்பட்டாலும், ரத்த அழுத்தத்துக்கும் புரோஸ்டேட் வீக்கத்துக்கும் தரும் சில மாத்திரைகளாலும் இந்தச் சமாளிப்பு தளர்ந்துபோகும். எழுந்து நின்ற 3 நிமிடத்துக்குள் ரத்த அழுத்தத்தின் மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 இறங்கினால் அது கவனிக்க வேண்டிய பிரச்சினை. வரிசையில் நிற்கும்போது கண் இருட்டுகிறது என்றால், படுத்த நிலையிலும் நின்ற நிலையிலும் அழுத்தத்தை அளந்து பார்க்கும்படி மருத்துவரிடம் கேளுங்கள். உட்கார்ந்த நிலையில் மட்டும் அளந்தால் இது தெரியாமலே போய்விடலாம்.

மூட்டுத் தேய்மானம், இதயச் செயலிழப்பு, நுரையீரல் அடைப்பு நோய், புற்றுநோய் சிகிச்சைக்குப் பின் வரும் அசதி என்று வேறு காரணங்களும் உண்டு.

கால் வலி ஒன்று, காரணம் இரண்டு

நடந்தால் கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கிறது, ஓய்வெடுத்தால் விடுகிறது. இந்த ஒரே புகாருக்குப் பின்னால் இரண்டு வேறு நோய்கள் இருக்கலாம்.

ஒன்று, காலுக்குப் போகும் ரத்தக் குழாய் அடைப்பு. புகை பிடிப்பவர்களுக்கும் நீரிழிவு உள்ளவர்களுக்கும் அதிகம் வருவது. ஏறக்குறைய ஒரே தூரத்தில் வலி தொடங்கும். நின்ற இடத்திலேயே சில நிமிடம் நின்றால் போதும், வலி அடங்கிவிடும். மற்றொன்று, கீழ் முதுகில் தண்டுவடக் கால்வாய் சுருங்கிப்போவது. இதில் நேராக நிற்பதே வலியைத் தரும். முதுகு நிமிரும்போது அந்தக் கால்வாய் இன்னும் குறுகும், குனிந்தால் சற்று விரியும். அதனால்தான் இவர்களால் சூப்பர் மார்க்கெட்டில் தள்ளுவண்டி மேல் சாய்ந்தபடி முக்கால் மணி நேரம் சுற்ற முடிகிறது, சைக்கிள்கூட ஓட்ட முடிகிறது. பில் போடும் வரிசையில் நின்றதும் இரண்டு கால்களும் மரத்துப் போகின்றன. இவர்களுக்கு உட்கார்ந்தால்தான் தீரும்.

ஆகவே மருத்துவரிடம் போகும் முன், “நின்றால் போதுமா, உட்கார்ந்தால்தான் சரியாகிறதா?” என்று உங்களையே கேட்டுப் பாருங்கள். அந்தப் பதில் அவருக்கு நிறையச் சொல்லும்.

ஸ்டூலைப் பயன்படுத்தும் முறையும் இதைப் பொறுத்து மாறும். முதுகுப் பிரச்சினை, மூட்டுத் தேய்மானம், இதய பலவீனம் உள்ளவர்கள் வலியோ களைப்போ முற்றும்வரை காத்திருக்கக் கூடாது. பத்து நிமிடத்தில் வலி வரும் என்று தெரிந்தால் ஏழாவது நிமிடத்திலேயே உட்கார்ந்துவிட வேண்டும். முற்றவிட்டு உட்கார்ந்தால் மீண்டு எழ அதிக நேரம் பிடிக்கும், அன்றைய பொழுதே வீணாகும். ரத்தக் குழாய் அடைப்பில் கதை வேறு. அதற்கு நடைப்பயிற்சியே சிகிச்சை. ஓரளவு வலி வரும்வரை நடந்து, வலி முழுதும் அடங்கும்வரை ஓய்வெடுத்து, மறுபடி நடக்க வேண்டும். ஒரு தடவைக்கு 30 முதல் 45 நிமிடம், வாரத்தில் 3 நாள், குறைந்தது 12 வாரம். மருத்துவர் பார்த்து அனுமதித்த பிறகு தொடங்கினால் நடக்கும் தூரம் மெல்ல மெல்லக் கூடும். திண்ணைகள் மறைந்துபோன நம் தெருக்களில், வழியில் ஓய்வெடுக்க ஓர் இருக்கை கையோடு இருந்தால் இந்தச் சிகிச்சையைத் தொடர்வது எளிது.

“உட்கார்ந்தா சரியாயிடுது” என்று விட்டுவிடாதீர்கள்

இதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். நடக்கும்போது நெஞ்சு அழுத்தி, உட்கார்ந்ததும் அடங்கினால் அது இதயத் தமனி அடைப்பின் அறிகுறியாக இருக்கலாம். உட்கார்ந்தும் அடங்காமல், வியர்வையும் மூச்சுத் திணறலும் சேர்ந்தால் உடனே 108-ஐ அழையுங்கள். படுத்திருக்கும்போதே கால் வலிப்பது, விரல் கறுப்பது, ஆறாத புண் இவை காலுக்கு ரத்தம் போதாததன் அடையாளம். முதுகு வலியோடு சிறுநீர் கழிக்க முடியாமல் போவது, தொடைகளின் இடுக்கு மரத்துப்போவது, கால் திடீரென வலுவிழப்பது இவற்றுக்கு அன்றைக்கே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். ஸ்டூல் தரும் சுகத்தில் இந்த அறிகுறிகள் மறைந்துவிடக் கூடாது.

வீட்டோடு இருப்பதன் விலை

“நீங்க வீட்லயே இருங்கம்மா, நாங்க போய்ட்டு வந்துடறோம்” என்று பிள்ளைகள் அன்பாகத்தான் சொல்கிறார்கள். ஆனால் தசைக்கு அந்த அன்பு புரியாது. உடல்நலமுள்ள முதியவர்களை 10 நாள் படுக்கையிலேயே இருக்கச் செய்து பார்த்த அமெரிக்க ஆய்வு ஒன்று 2007-இல் வெளியானது. கால்களில் மட்டும் ஏறக்குறைய ஒரு கிலோ தசை குறைந்திருந்தது. வீட்டில் இருப்பது படுக்கையில் இருப்பதற்குச் சமம் இல்லைதான். என்றாலும் நாற்காலிக்கும் கட்டிலுக்கும் இடையே கழியும் நாட்கள் அந்தத் திசையில்தான் இழுத்துச் செல்கின்றன.

உங்கள் கால் பலத்தை வீட்டிலேயே அளக்கலாம். சுமார் 43 செ.மீ. உயரமுள்ள, கைப்பிடி இல்லாத நாற்காலியைச் சுவரோரம் போட்டு, கைகளை மார்பில் குறுக்காகக் கட்டி, 30 விநாடியில் எத்தனை முறை முழுதாக எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ணுங்கள். பக்கத்தில் ஒருவர் இருக்கட்டும். அமெரிக்க நோய்த் தடுப்பு மையத்தின் அளவுகோலில் 70 முதல் 74 வயதுள்ள ஆணுக்கு 12, பெண்ணுக்கு 10 என்ற எண்ணிக்கைக்குக் குறைந்தால் விழும் ஆபத்து உண்டு என்று கொள்கிறார்கள். கையை ஊன்றாமல் ஒருமுறைகூட எழ முடியாதவர் ஸ்டூல் வாங்கும் முன் ஒரு பிசியோதெரபிஸ்டைப் பார்த்துவிடுவது நல்லது.

எந்த ஸ்டூல்?

உயரம்தான் முதல் கேள்வி. செருப்புப் போட்டுக்கொண்டு நின்று, தரையிலிருந்து முழங்காலின் பின் மடிப்பு வரை அளந்து பாருங்கள். பெரும்பாலோருக்கு 40 செ.மீ.க்குச் சற்று முன்பின் வரும். இருக்கை அந்த அளவில், அல்லது அதைவிட இரண்டு அங்குலம் கூடுதலாக இருக்க வேண்டும். மலிவாகக் கிடைக்கும் பல மடக்கு ஸ்டூல்கள் 25, 30 செ.மீ.தான். உட்காரச் சுகம், எழும்போதுதான் முழங்காலும் இடுப்பும் மொத்தப் பாரத்தையும் தூக்க வேண்டியிருக்கும்.

தட்டுப் போலச் சுருங்கி, இழுத்தால் வளையம் வளையமாக நீளும் பிளாஸ்டிக் ஸ்டூல் இப்போது எங்கும் கிடைக்கிறது. முழுதாக இழுத்தால் சுமார் 45 செ.மீ. வரும், தோளில் மாட்டிக்கொள்ள வாரும் இருக்கும். இதில் ஒன்றைக் கவனியுங்கள். மேலே இழுத்த பிறகு ஒரு திருகு திருகினால்தான் வளையங்கள் ஒன்றோடொன்று கவ்விக்கொள்ளும். ஒரு வளையம் கவ்வாமல் விட்டாலும், உட்கார்ந்ததும் இருக்கை சடாரென ஒரு படி இறங்கும். எனவே உட்காரும் முன் இரண்டு உள்ளங்கையையும் இருக்கையில் வைத்து உடம்பின் பாரத்தைக் கொடுத்து அழுத்திப் பாருங்கள். மடக்கும்போது வளையங்களின் இடுக்கில் விரல் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மூன்று கால் கேன்வாஸ் முக்காலி மிக லேசானது. ஆனால் துணி குழிந்து ஆளை உள்ளே இறக்கிவிடும். மூன்று கால்களுக்கு நடுவிலான முக்கோணத்தை விட்டுப் பாரம் சற்று விலகினாலும் சாய்ந்துவிடும். சமநிலை நன்றாக உள்ளவர்களுக்கு மட்டும் அது சரி. இருக்கையோடு வரும் கைத்தடி இரண்டு வேலையையும் பார்க்கும். அவற்றில் பலவற்றில் கைப்பிடி முன்னால் இருக்க, அதைப் பார்த்தபடி இரு பக்கமும் கால் போட்டு உட்கார வேண்டும். புடவையில் அது வசதிப்படாது. தடியாக ஊன்றும்போது அதன் உயரம் உங்கள் மணிக்கட்டு மடிப்புக்கு வர வேண்டும், வலிக்கும் காலுக்கு எதிர்ப்பக்கக் கையில் பிடிக்க வேண்டும்.

தாங்கும் எடை என்று அட்டையில் போட்டிருப்பது உங்கள் எடையைவிட 30 கிலோவாவது கூடுதலாக இருக்கட்டும். பொத்தென்று உட்காரும்போது பாரம் அதிகமாக விழும். முடிந்தால் சர்ஜிக்கல் கடையில் நேரில் பார்த்து, ஐந்து முறை உட்கார்ந்து எழுந்து பார்த்து வாங்குங்கள். கால் நுனியில் உள்ள ரப்பர் புஷ் தேய்ந்தால் அதே கடையில் மாற்றிக்கொள்ளலாம்.

சாய்மானம் இல்லாத ஸ்டூல் எல்லாருக்கும் ஏற்றதில்லை. பார்க்கின்சன் நோய், அடிக்கடி தலைசுற்றல், பக்கவாதத்துக்குப் பின் உட்காரும்போதே ஒரு பக்கம் சாய்வது போன்ற தொல்லை உள்ளவர்களுக்கு இருக்கையும் பிரேக்கும் உள்ள சக்கர வாக்கரோ, சக்கர நாற்காலியோதான் பாதுகாப்பு. இடுப்பு மூட்டு மாற்று அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் மருத்துவர் சொல்லும்வரை தாழ்ந்த இருக்கை எதிலும் உட்காரக் கூடாது. இடுப்பு அதிகம் மடங்கினால் புது மூட்டு நழுவ வாய்ப்புண்டு.

உட்காரும் விதம், எழும் விதம்

லேசான ஸ்டூல் பின்னங்கால் பட்டாலே நகரும். அதனால் அதைச் சுவர், தூண், மரம் இவற்றில் ஒன்றை ஒட்டிப் போடுங்கள். தரை ஈரமில்லாமல், சரிவில்லாமல் இருக்கட்டும். பின்னுக்கு வந்து, ஒரு கையால் இருக்கையைத் தொட்டு உறுதி செய்துகொண்டு மெதுவாக இறங்குங்கள். எழும்போது இருக்கையின் விளிம்புக்கு நகர்ந்து, பாதங்களை முழங்காலுக்குச் சற்றுப் பின்னால் இழுத்து, மூக்கு கால் விரலுக்கு நேராக வரும் அளவு முன்னால் குனிந்து, தொடையில் கை ஊன்றி எழுங்கள். பலர் நிமிர்ந்த முதுகோடு எழப் பார்த்துத்தான் திரும்பப் பின்னால் விழுகிறார்கள்.

மூச்சு வாங்குகிறவர்கள் உட்கார்ந்து, முழங்கையைத் தொடையில் ஊன்றி முன்சாய்ந்தால் சீக்கிரம் ஆசுவாசம் கிடைக்கும்.

புத்தகக் காட்சி, கோயில், துக்க வீடு

1977 முதல் நடந்துவரும் சென்னைப் புத்தகக் காட்சிக்கு, நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்தின் நீண்ட வரிசைகளை நினைத்தே போகாமல் இருக்கும் வாசகர்கள் உண்டு. வார நாளின் பிற்பகலில் போங்கள். எந்தப் பதிப்பகங்கள் என்று முன்பே எழுதிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வரிசை முடிவிலும், கூட்டம் இடிக்காத ஓரத்தில் ஐந்து நிமிடம் உட்காருங்கள். நடைபாதை நடுவில் உட்கார்ந்தால் யாராவது தடுக்கி உங்கள் மேல் விழுவார்கள். கீழ்த்தட்டுப் புத்தகங்களைக் குனியாமல் பார்க்கவும் ஸ்டூல் உதவும்.

கடற்கரை மணலில் ஸ்டூலின் கால்கள் இறங்கிவிடும். 2022-இல் மெரினாவில் மாற்றுத்திறனாளிகளுக்காக அமைத்தது போன்ற மரப்பாதை உள்ள இடங்களில் அதன் ஓரமாகப் போட்டுக்கொள்வதுதான் நல்லது. கோயில்களில் எண்ணெயும் அபிஷேகத் தண்ணீரும் சிந்திய கல் தரையில் எச்சரிக்கை தேவை. பெரிய கோயில்களில் உள்ளே எடுத்துப்போக விடுவார்களா என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். திருவண்ணாமலைக் கிரிவலம் 14 கிலோமீட்டர். பௌர்ணமிக் கூட்டத்தைத் தவிர்த்து, சாதாரண நாளில் முடிந்த தூரம் மட்டும் போய் ஆட்டோவில் திரும்பலாம்.

துக்க வீட்டில் ஷாமியானாவும் நாற்காலியும் போட்டிருப்பார்கள். சுடுகாட்டில் இருக்காது. நெருங்கிய சொந்தம் என்பதால் போகாமலும் இருக்க முடியாது, ஒரு மணி நேரம் வெயிலில் நிற்கவும் முடியாது. அங்கே உங்களுடைய ஸ்டூலை விரித்து உட்காருவதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை.

கூச்சமும் கூட வருகிறவர்களும்

நாலு பேர் என்ன நினைப்பார்கள் என்ற கூச்சம்தான் பல ஸ்டூல்களைப் பரணில் போட்டு வைத்திருக்கிறது. கடைகளில் வேலை செய்பவர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று கேரளம் 2018-இலும் தமிழ்நாடு 2021-இலும் சட்டத்தைத் திருத்தின. நாள் முழுக்க நிற்பது உடம்பைக் கெடுக்கும் என்று சட்டமே ஒப்புக்கொண்டிருக்கும்போது, வரிசையில் உட்காரும் எழுபது வயதுக்காரர் எதற்காகக் கூச்சப்பட வேண்டும்? பேருந்து நிறுத்தங்களிலும் அலுவலகங்களிலும் போதிய இருக்கை இருந்தால் யாரும் வீட்டிலிருந்து சுமந்துவர வேண்டியதில்லை. அதைக் கேட்டுக்கொண்டே இருப்போம். அதுவரை வெளியே போவதைத் தள்ளிப்போட வேண்டாம்.

கூட வருகிறவர்களே, ஸ்டூலை நீங்கள் தூக்கிக்கொள்ளுங்கள். பெரியவரின் கை தடிக்கோ சுவருக்கோ காலியாக இருக்கட்டும். “உட்காருறீங்களா?” என்று கேட்டால் பெரும்பாலோர் “பரவாயில்லை” என்பார்கள். கேட்காமல் விரித்துப் போட்டுவிட்டால் உட்கார்ந்துவிடுவார்கள். எழும்போது கக்கத்தில் கை கொடுத்தோ, மணிக்கட்டைப் பிடித்தோ இழுக்காதீர்கள். தோள்மூட்டு விலக அது போதும். அவரே முன்சாய்ந்து எழட்டும். ஸ்டூல் நகராமல் நீங்கள் காலால் அணை கொடுங்கள். எழுந்ததும் தலை சுற்றுகிறதா என்று கேட்டு, இல்லை என்று சொன்ன பிறகு ஸ்டூலை மடக்குங்கள்.