கேளிக்கைப் பூங்காவும் கைச்செலவும்

1955 ஆம் ஆண்டு யூலை மாதம் 17 ஆந் திகதி, அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்திலுள்ள அனகைம் நகரில் டிஸ்னிலாந்து என்னும் கேளிக்கைப் பூங்கா திறந்து வைக்கப்பட்டது. கார்ட்டூன் படங்களால் உலகப் புகழ் பெற்ற வோல்ட் டிஸ்னி அமைத்த அப்பூங்காவினுள் நுழைவதற்கு வளர்ந்தோர் ஒரு டொலரும் சிறுவர் 50 சதமும் கொடுத்தனர். உள்ளே சென்ற பின்னர், ஒவ்வொரு சவாரிக்கும் 10 சதம் முதல் 35 சதம் வரை தனித்தனியே செலுத்தினர்.

அவ்வாண்டு ஒக்டோபர் மாதத்திற் சீட்டுப் புத்தகம் என்றொரு முறை புகுத்தப்பட்டது. சவாரிகள் ஏ, பி, சி எனத் தரம் பிரிக்கப்பட்டன. 1956 இல் டி என்பதும், 1959 இல் ஈ என்பதும் சேர்ந்தன. மெதுவாக அசைந்து செல்லும் வண்டிக்கு ஏ சீட்டுப் போதும். மலையுச்சியிலிருந்து விரைந்திறங்கும் சவாரிக்கு ஈ சீட்டு வேண்டும். ஒவ்வொரு சவாரிக்கும் ஒரு தாள் கிழிக்கப்பட்டது. புத்தகம் மெலிய மெலிய, எஞ்சியிருப்பது எவ்வளவு என்பது சிறு பிள்ளைக்கும் கண்ணாலே தெரிந்தது. உண்மையில், அச்சீட்டுப் புத்தகமே ஒரு வரவு செலவுத் திட்டமாக இருந்தது.

இந்த முறை 1982 ஆம் ஆண்டில் முடிவுற்றது. வாயிலில் ஒருமுறை கட்டணம் செலுத்தியவர் அன்று முழுவதும் விரும்பிய சவாரிகளிற் செல்லலாம் என்னும் ஏற்பாடு வந்தது. 1971 ஒக்டோபர் 1 ஆந் திகதி புளோரிடா மாநிலத்தின் ஒர்லாண்டோ நகருக்கு அண்மையில் திறக்கப்பட்ட வோல்ட் டிஸ்னி வேர்ல்ட் என்னும் பெரிய பூங்காவிலும் அவ்வாறே ஆயிற்று. சவாரிக்குப் பணம் எடுக்கும் தொல்லை நீங்கியது. ஆனால், பணப்பை மூடியே கிடக்கவில்லை. உணவு, குளிர்பானம், விளையாட்டுப் பொருள், உடை, நினைவுப் பொருள் ஆகியவற்றின் பொருட்டு அது நாள் முழுவதும் திறந்தது. 2013 முதல், அங்குள்ள விடுதிகளில் தங்குவோர் மணிக்கட்டில் அணியும் பட்டியைக் கருவியில் தொட்டே பொருள் வாங்கும் வசதியும் ஏற்பட்டது. அத்தொகை அறைக் கணக்கிற் சேரும். நோட்டுக் குறைவதுமில்லை, தாள் கிழிவதுமில்லை. எஞ்சியிருப்பது எவ்வளவு என்பதைக் கண் காண்பதில்லை.

ஒரு குடும்பம் இத்தகைய பயணத்திற்காகப் பல ஆண்டுகள் பணஞ் சேர்க்கிறது. பிரயாணக் கட்டணம், விடுதி வாடகை, நுழைவுச் சீட்டு ஆகிய மூன்றும் முன்கூட்டியே தெரிந்தவை; அவற்றைக் கணக்கிடத் தவறுவோர் சிலரே. உணவும் கைச்செலவும் அவ்வாறல்ல. அவை சிறு சிறு தொகையாக, களைப்புற்ற வேளையிலும் பசித்த வேளையிலும் பிள்ளை அழும் வேளையிலும் வெளியேறுகின்றன. ஆகையால், பூங்கா கைவிட்ட சீட்டுப் புத்தகத்தைப் பயணி தானே மீண்டும் ஆக்கிக்கொள்ளுதல் வேண்டும்.

அதனை ஆக்கும் வழியை ஓர் உதாரணத்தாற் காண்போம். தாய், தந்தை, இரு பிள்ளைகள் என நால்வர் கொண்ட குடும்பம் ஐந்து நாட்கள் புளோரிடாவில் தங்குகிறது. சீட்டும் விடுதியும் போக, கையில் 1,500 டொலர் இருக்கிறது. முதலில் அதிற் பத்திலொரு பங்காகிய 150 டொலரைத் தனியே எடுத்து வைத்தல் வேண்டும். அது மருந்துக்கும் மழைக்கும் எதிர்பாராத இடருக்கும் உரியது. அடுத்து, உணவுக்கு நாளொன்றுக்கு 210 டொலர் வீதம் 1,050 டொலர். எஞ்சிய 300 டொலரில், பிள்ளைகள் இருவருக்கும் 60 டொலர் வீதம் 120. ஐஸ்கிரீம் முதலிய இடைத்தீனிக்கு நாளுக்கு 20 வீதம் 100. ஊரிலுள்ளோருக்கான பரிசுகளுக்கு 80. விலைகள் ஆண்டுதோறும் மாறுமாதலின், இத்தொகைகள் வழிகாட்டுவதற்கு மாத்திரமே. ஆனால் வகுக்கும் ஒழுங்கு மாறாதது: முதலில் இடர்க்காப்பு, பின்னர் உணவு, அதன் பின்னரே விருப்பம்.

உணவுக்குரிய 210 டொலரையும் வேளைவாரியாகப் பிரித்தல் நன்று. காலையுணவுக்கு 20, மதியத்தில் வரிசையில் நின்று வாங்கும் உணவுக்கு 80, மாலையில் மேசையில் அமர்ந்து உண்பதற்கு 110 என்று கொள்ளலாம். இங்கே பலர் இடறும் இடம் ஒன்றுண்டு. அமெரிக்க உணவகங்களின் விலைப்பட்டியலிற் காணும் தொகை முழுத் தொகையன்று. பூங்காவின் பெரும்பகுதி அமைந்துள்ள ஒறேஞ்சு கவுண்டியில் விற்பனை வரி நூற்றுக்கு ஆறரை வீதம். பரிமாறுவோருக்கு நூற்றுக்கு 15 முதல் 20 வரை அன்பளிப்பு அளிப்பது அந்நாட்டு வழக்கம். எனவே, பட்டியலில் 100 டொலர் என்று கண்ட உணவுக்கு, 18 வீத அன்பளிப்பும் சேர 124 டொலர் 50 சதம் கொடுக்க நேரும். மாலைக்கு 110 டொலர் ஒதுக்கிய குடும்பம், பட்டியலில் 88 டொலரைத் தாண்டாமல் உணவு கேட்டல் வேண்டும்.

வயதும் கணக்கிற்குரியது. வோல்ட் டிஸ்னி வேர்ல்டில் மூன்று வயதுக்குக் குறைந்த குழந்தைக்கு நுழைவுச் சீட்டு வேண்டியதில்லை. மூன்று முதல் ஒன்பது வயது வரையுள்ளோர் சிறுவர். பத்து வயது நிறைந்த பிள்ளை, சீட்டிலும், விரும்பிய அளவு உண்ணும் விருந்துணவகத்திலும் வளர்ந்தவராகவே எண்ணப்படுகிறது. பிள்ளையின் பத்தாவது பிறந்த நாளுக்கு முன்னர் செல்வதா, பின்னர் செல்வதா என்பதனாலும் செலவு மாறும்.

சிக்கனத்திற்கு அப்பூங்காவே இடமளிக்கும் வழிகளும் உள. கண்ணாடிப் போத்தல்களும் மதுவும் தவிர்ந்த உணவு பானங்களை வெளியிலிருந்து கொண்டுசெல்லத் தடையில்லை. பாண், பழம், பிஸ்கற்று முதலியவற்றை ஊர்க்கடையில் வாங்கி விடுதியறையிற் காலையுணவை முடித்துக்கொண்டால், அவ்வேளைச் செலவு பெரிதும் குறையும். குளிர்பானம் ஊற்றிக் கொடுக்கும் உணவுக் கடைகளிற் குவளை நீரை இலவசமாகக் கேட்டுப் பெறலாம்.

தண்ணீருக்கும் அப்பூங்காவின் வரலாற்றுக்கும் ஒரு தொடர்புண்டு. டிஸ்னிலாந்து திறக்கப்படவிருந்த காலத்தில் குழாய்த் தொழிலாளரின் வேலைநிறுத்தம் நிகழ்ந்தது. மலசல கூடங்களா, குடிநீர்க் குழாய்களா, எவற்றை முதலில் முடிப்பது என்னும் நெருக்கடியில், வோல்ட் டிஸ்னி மலசல கூடங்களையே தெரிந்தார். முதல் நாளன்று கடும் வெயிலிற் குடிநீர்க் குழாய்கள் பல வறண்டு கிடந்தன. குளிர்பானம் விற்பதற்கான தந்திரம் இதுவென்று வந்தோர் குறைகூறினர். தாகம் எவ்வளவு விரைவிற் பணமாக மாறும் என்பதை அந்த ஒரு நாளே காட்டிற்று.

பூங்கா விடுதிகளில் தங்குவோர் உணவுக்கான பணத்தை முன்கூட்டியே செலுத்தும் திட்டமொன்றும் உண்டு. 2020 இல் நிறுத்தப்பட்டுப் பின்னர் 2024 இல் மீண்டும் வந்தது. வேளைதோறும் நிறைய உண்ணும் குடும்பத்திற்கு அது இலாபமாகலாம். குறைவாக உண்போர், தாம் உண்ணாத உணவுக்கும் பணம் கொடுத்தவராவர். வழக்கமாக என்ன உண்கின்றோம் என்பதை எழுதிக் கூட்டிப் பார்த்த பின்னரே அதனைக் கொள்ளுதல் அறிவுடைமை.

உணவினும் கடினமானது பிள்ளைகளின் ஆசை. சவாரிகள் சிலவற்றின் வெளிவாயில் நேரே ஒரு கடையினுட் செல்கிறது. புளோரிடாவிலுள்ள கரிபியன் கடற்கொள்ளையர் சவாரி அத்தகையது. படகை விட்டிறங்கிய பிள்ளையின் முன்னே, அது கண்டு மகிழ்ந்த கொள்ளையரின் தொப்பியும் வாளும் அடுக்கப்பட்டிருக்கும். "அம்மா, இது வேண்டும்" என்று பிள்ளை கேட்கிறது; "வேண்டாம்" என்கிறாள் தாய். இவ்வாறு நாளொன்றுக்குப் பத்து முறை நிகழுமாயின், பல்லாண்டுச் சேமிப்பாற் பெற்ற மகிழ்ச்சியிற் பாதி சச்சரவிலே கழியும்.

இதற்கு மருந்து, 60 டொலரையும் பயணத்தின் முன்னரே பிள்ளையிடம் ஒப்படைத்தலாகும். 1987 முதல் 2016 வரை டிஸ்னி டொலர் என்னும் தனி நோட்டுகள் அப்பூங்காக்களில் விற்கப்பட்டன. இப்போது பரிசு அட்டையில் அத்தொகையை இட்டுக் கொடுக்கலாம். "இது உன் பணம், தீர்ந்தால் வேறில்லை, மிஞ்சினால் உனக்கே" என்னும் சொல் உறுதியாயிருத்தல் வேண்டும். அதன் பின்னர், "வேண்டாம்" என்று சொல்லும் பொறுப்புத் தாயிடமிருந்து நீங்கிக் கணக்கிடம் செல்கிறது. முதல் நாள் கண்டதை உடனே வாங்கத் துடித்த பிள்ளை, ஐந்தாம் நாளுக்கும் வேண்டுமே என்று விலையைத் திருப்பிப் பார்க்கத் தொடங்குகிறது. பள்ளியிற் படித்த கழித்தற் கணக்குக்கு அங்கே ஒரு பயன் பிறக்கிறது.

இரவில் அறைக்குத் திரும்பியதும் பற்றுச்சீட்டுகளைக் கூட்டி, அன்றைய தொகையோடு ஒப்பிடுதல் வேண்டும். பத்து நிமிடமும் ஆகாது. இன்று 15 டொலர் மிகுந்திருந்தால், நாளைய மாலையுணவை எளிதாக்கிச் சரிசெய்யலாம். அவ்வாறு பாராதவர் உண்மையை அறிவது, ஊர் திரும்பிய பின்னர் கடனட்டைக் கணக்கு வரும்போதே. 2023 முதல் அமெரிக்காவிற் கடனட்டைகளின் சராசரி வட்டி ஆண்டுக்கு நூற்றுக்கு 20 வீதத்தைத் தாண்டியுள்ளது. மிகையாகச் செலவிட்ட 600 டொலரை ஓராண்டு தீர்க்காது விட்டால், வட்டி மாத்திரம் 120 டொலருக்கு மேலாகும். அது இரு பிள்ளைகளின் கைச்செலவுக்கும் ஒதுக்கிய தொகைக்குச் சமம்.

கணக்கு மகிழ்ச்சிக்குப் பகையன்று. இவ்வளவு செலவிடலாம் என்று முன்னரே தீர்மானித்தவர், அவ்வளவையும் மனக்கலக்கமின்றிச் செலவிடுகிறார். மாலை வேளையில் ஐஸ்கிரீமைச் சுவைக்கும் பிள்ளையின் முகத்தைக் காணும்போது, அதன் விலை அன்றைய 20 டொலரினுள் அடங்கியது என்பதைத் தந்தை அறிந்திருப்பாராயின், அவரும் அதனோடு சேர்ந்து சிரிக்கலாம்.