சாய்ந்திருந்து பால் கொடுப்போம்

"பயத்திலும் அலைச்சலிலும் பால் வற்றிப்போய்விட்டது" என்று இடம்பெயர்ந்த தாய்மார் சொல்வதை நாம் பல தடவை கேட்டிருக்கிறோம். அடுத்த பேச்சு பால்மாவைப் பற்றியதாகவே இருக்கும். சுத்தமான தண்ணீருக்கும் விறகுக்கும் தட்டுப்பாடான இடத்தில் புட்டிப்பால் வயிற்றோட்டத்தையே கொண்டுவரும்.

உண்மையில் பயத்தினால் பால் வற்றுவதில்லை. மனம் கலங்கியிருக்கும்போது பால் இறங்குவது சற்றுத் தடைப்படலாம். தாய் ஆறுதலாக இருக்க, பிள்ளை அடிக்கடி உறிஞ்சினால் அது மீண்டும் இறங்கும். ஆகவே தாய் எப்படி இருந்து பால் கொடுக்கிறாள் என்பது சிறிய விடயமல்ல.

குனிவதால் வரும் தொல்லை

முதற்பிள்ளை பெற்ற தாய்மார் பலர் நிமிர்ந்திருந்து, பிள்ளையின் பக்கம் குனிந்து பால் கொடுக்கிறார்கள். இதனால் கழுத்தும் முதுகும் உளைகின்றன. கை சோர, பிள்ளை கீழே சரிந்து முலைக்காம்பை இழுக்கிறது. காம்பு வெடித்து நோகிறது. நோவுக்குப் பயந்து பால் கொடுப்பது குறைய, பாலும் குறைகிறது.

சாய்ந்திருக்கும் முறை

மருத்துவமாது சூசன் கோல்சன் 40 தாய்மாரையும் அவர்களது குழந்தைகளையும் அவதானித்து, 2008இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். தாய் சாய்ந்திருக்க, பிள்ளை அவள்மேல் குப்புறக் கிடக்கும்போது, பிள்ளையின் பிறவி இயல்புகளே பால் குடிக்க உதவுகின்றன என்று அதில் காட்டினார். இதற்குக் கட்டிலோ கதிரையோ வேண்டியதில்லை.

1. பாயை விரித்து, சுவரோடு தலையணையை அல்லது உடுப்பு நிரப்பிய பையை வையுங்கள். மல்லாந்து படுக்காமல் பாதி சாய்ந்திருங்கள். தலை, தோள், இடுப்பு மூன்றும் தாங்கப்பட வேண்டும்.

2. பிள்ளையை உங்கள் நெஞ்சின்மேல் குப்புறக் கிடத்துங்கள். தோலோடு தோல் படட்டும். பிள்ளையின் முதுகைத் துணியால் மூடுங்கள்.

3. கன்னம் மார்புக்கு அருகில் இருக்கட்டும். பிட்டத்தைக் கையால் தாங்குங்கள். தலையை அமத்த வேண்டாம்.

4. பிள்ளை தலையை ஆட்டித் தேடும், காலால் உன்னும், வாயை அகலத் திறந்து கவ்வும். தேடிக் களைத்தால் கையால் உதவுங்கள்.

நாடி மார்பில் முட்டி, கீழுதடு வெளியே மடிந்திருந்தால் சரியாகக் கவ்வியிருக்கிறது. தொடர்ந்து நொந்தால், சின்ன விரலைப் பிள்ளையின் வாய்க்கரையில் நுழைத்து விடுவித்து, மறுபடி கவ்வச் செய்யுங்கள்.

சத்திரசிகிச்சை மூலம் பிள்ளை பெற்றவர்கள், காயத்தில் படாதபடி பிள்ளையை நெஞ்சின் குறுக்கே கிடத்தலாம். அல்லது ஒருக்களித்துப் படுத்து, பிள்ளையின் வயிறு தம்பக்கம் பார்க்கக் கொடுக்கலாம்.

கவனிக்க வேண்டியவை

பிள்ளையின் மூக்கு எப்போதும் திறந்திருக்க வேண்டும். கழுத்து மடியக்கூடாது. சாய்ந்தபடியே நித்திரையாகிவிடாதீர்கள். கண் சொருகினால் பக்கத்திலுள்ளவரிடம் சொல்லுங்கள். குடித்து முடிந்ததும் பிள்ளையை மட்டமான இடத்தில் மல்லாத்திக் கிடத்துங்கள்.

பிறந்த பிள்ளைக்கு ஒரு நாளில் 8 முதல் 12 தடவை பால் தேவை. ஐந்தாம் நாளின் பின் நாளொன்றுக்கு 6 தடவைக்குக் குறையாமல் சிறுநீர் கழித்தால் பால் போதும் என்று அறியலாம். சிறுநீர் குறைந்தாலோ, பிள்ளை சோர்ந்து பால் குடிக்க மறுத்தாலோ, காய்ச்சல் கண்டாலோ, உடல் மஞ்சளித்தாலோ தாமதியாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்லுங்கள்.

முதல் 6 மாதமும் தாய்ப்பால் மட்டுமே போதும். கடும் வெயிலிலும் தண்ணீர் தேவையில்லை.

வீட்டாரின் பங்கு

பலர் நெருங்கி வாழும் இடத்தில் தாய் கூச்சப்பட்டே குனிந்து ஒடுங்குகிறாள். ஒரு பழைய சேலையைக் கட்டி மறைப்பு ஏற்படுத்துவோம். தண்ணீர் அள்ளும் வேலையையும் அடுப்பு வேலையையும் கணவரும் மற்றோரும் ஏற்கட்டும். "உனக்குப் பால் இல்லை" என்ற சொல்லை ஒருவரும் சொல்லாதிருப்போம். காணியையும் கால்நடையையும் விட்டு வந்த தாயிடமும் பிள்ளைக்கான உணவு இருக்கிறது. அவள் சாய்ந்திருக்க ஓர் இடம் கொடுப்பது நம் கடமை.