உறைந்த விந்தும் அதன் உயிர்ப்பும்

ஒரு காளையின் விந்தைத் திரவ நைதரசனில், பூச்சியத்துக்குக் கீழ் 196 பாகை செல்சியசுக் குளிரில், பல்லாண்டுகள் சேமித்து வைக்கலாம். காளை இறந்த பின்னரும் அதன் கன்றுகள் பிறக்கின்றன. ஆயினும் உறைந்து உருகிய விந்து புதிய விந்துக்கு முற்றிலும் நிகரானதன்று. காளையின் விந்தணுக்களில் ஏறத்தாழ அரைவாசி இச்செயன்முறையின்போது அழிந்துபோகின்றன. இவ்விழப்பு எங்கு, எவ்வாறு நேர்கின்றது என்பதனை இக்கட்டுரையில் நோக்குவோம்.

குளிரில் அசைவற்றுப்போகும் விந்தணுக்கள் சூடேறியதும் மீண்டும் இயங்குவதை இத்தாலிய அறிஞர் ஸ்பல்லன்சானி 1776 இலேயே அவதானித்தார். எனினும் உறையவைத்த விந்தை உயிர்ப்பித்தல் நெடுங்காலம் கைகூடவில்லை. 1949 இல் இலண்டனில் போல்ஜ், சிமித், பாக்ஸ் ஆகிய மூவரும் சேவலின் விந்தைக் கொண்டு இதனைச் சாதித்தனர். தாம் சருக்கரைக் கரைசலைப் பயன்படுத்துவதாகவே அவர்கள் எண்ணியிருந்தனர். போத்தலைப் பகுப்பாய்வு செய்தபோது அதிலிருந்தது கிளிசரோலும் அல்புமினும் எனத் தெரியவந்தது. தவறான பெயர்ச்சீட்டு ஒன்றே புதிய துறைக்கு வழிதிறந்தது எனலாம்.

சேதம் உறைநிலைக்கு முன்னரே தொடங்கிவிடுகின்றது. விந்தணுவைச் சூழ்ந்துள்ள மென்சவ்வு கொழுப்புகளாலும் புரதங்களாலும் ஆனது. வெப்பநிலை திடீரெனத் தாழும்போது நெகிழ்ச்சியான கொழுப்புகள் இறுகி ஒழுங்கு குலைய, சவ்வில் கசிவு ஏற்படுகின்றது. இதுவே குளிரதிர்ச்சி எனப்படும். இதனைத் தாங்கும் ஆற்றல் விலங்குக்கு விலங்கு வேறுபடும். பன்றியின் விந்தணு 15 பாகைக்குக் கீழ் குளிர்விக்கப்படும்போதே பெரிதும் பாதிப்புறும். காளையினது அதனிலும் தாக்குப்பிடிக்கும். முட்டை மஞ்சட்கருவைச் சேர்ப்பது இவ்வதிர்ச்சியைத் தணிப்பதற்கேயாகும்.

அடுத்த கட்டம் உறைதல். முதலில் பனிக்கட்டியாவது கலங்களுக்கு வெளியேயுள்ள நீரே. நீர் பிரிந்துசெல்ல, எஞ்சிய திரவத்தில் உப்பின் செறிவு உயர்கின்றது. பிரசாரணத்தால் கலத்தினுள்ளிருந்து நீர் வெளியேறிக் கலம் சுருங்குகின்றது. குளிர்வித்தல் மிக மெதுவாக நிகழின் கலம் செறிந்த உப்பில் நெடுநேரம் கிடந்து சிதையும். மிக விரைவாக நிகழின் நீர் வெளியேற அவகாசமின்றி உள்ளேயே பனிப்பளிங்குகள் தோன்ற இடமுண்டு. கலங்களின் உறைவுச் சேதத்தை இவ்விரு காரணிகளையும் கொண்டு 1972 இல் விளக்கியவர் மேசரும் அவர்தம் துணை ஆய்வாளருமாவர். கிளிசரோல் உருவாகும் பனியின் அளவைக் குறைத்து, உப்புச் செறிவின் தாக்கத்தைத் தணிக்கின்றது. ஆனால் அளவு மிஞ்சினால் அதுவும் நஞ்சாகும்.

இங்கு ஓர் உண்மை தெளிவாகின்றது. விந்தணுவைக் கொல்வது கடுங்குளிர் அன்று. கடுங்குளிருக்குச் செல்லும் வழியே. 196 பாகைக் குளிரில் உயிர் இரசாயனத் தாக்கங்கள் யாவும் நின்றுவிடுகின்றன. பூச்சியத்துக்குக் கீழ் ஏறத்தாழ 15 முதல் 60 பாகை வரையான இடைவெளியே அபாய வலயம். உருக்கும்போது இவ்வலயத்தை மீளவும் கடக்கவேண்டும். மெதுவாக உருகின் சிறு பளிங்குகள் இணைந்து பெரிதாக வளர்ந்து சவ்வைத் தாக்கும். ஆதலாற்றான் விந்து அடைத்த சிறு குழாயை 35 முதல் 37 பாகை வரையான நீரில் அமிழ்த்தி விரைவாக உருக்குகின்றனர்.

தப்பிய விந்தணுக்களும் பழைய நிலையில் இருப்பதில்லை. முட்டையைத் துளைக்க உதவும் நொதியங்களைக் கொண்ட தலைக்கவசம் சிலவற்றில் சிதைந்திருக்கும். வேறு சிலவற்றில், பசுவின் கருப்பாதையில் நிகழவேண்டிய முதிர்ச்சி மாற்றங்கள் முன்கூட்டியே தொடங்கிவிடுவதால் ஆயுள் குறுகிவிடும். எனவே நுணுக்குக்காட்டியில் துள்ளி நீந்துவது யாவும் கருக்கட்டவல்லது எனக் கொள்ளலாகாது. இயக்கம் தரத்தின் ஓர் அளவுகோல் மாத்திரமே. ஆயுள் குறுகியதாகையால் சினைப்படுத்தும் வேளையும் பிசகலாகாது.

இவ்வறிவு ஆய்வுகூடத்துடன் நின்றுவிடுவதன்று. கிராமங்களுக்குக் கொண்டுசெல்லப்படும் கொள்கலனிலிருந்து ஒரு குழாயை எடுக்கும்போது, ஏனையவையும் கழுத்துவரை உயர்த்தப்பட்டு வெப்பக் காற்றில் நிற்கின்றன. நேரம் நீடிப்பின் அவையும் அபாய வலயத்தை எட்டக்கூடும். மீண்டும் தாழ்த்தியதும் புறத்தோற்றத்தில் எம்மாற்றமும் தெரிவதில்லை. சேதமோ ஒவ்வொரு தடவையும் கூடிச்செல்கின்றது. திரவ நைதரசனின் மட்டம் குறைந்தாலும் இக்கதியே.

பசு சினைப்படாவிடின் அடுத்த வேட்கைக் காலத்துக்கு ஏறத்தாழ 21 நாட்கள் காத்திருத்தல் வேண்டும். ஓரிரு பசுக்களை நம்பி வாழும் குடும்பத்துக்கு இது பாலும் வருமானமும் பிந்துவதாகும். இருமுறை தவறின் பசு மலடு எனப் பழிக்கப்பட்டு இறைச்சிக்கு விற்கப்படவுங்கூடும். குற்றம் பசுவினதா, உருகி உறைந்த குழாயினதா என்பதை அறியும் வசதி அக்குடும்பத்துக்கு இல்லை. ஆகவே கொள்கலனின் மட்டத்தை அளந்து பதிவதும், களத்தில் உருக்கிய மாதிரிகளை இடையிடையே பரிசோதிப்பதும் சேவையை வழங்குவோரின் கடமை. அறிவியல் ஈட்டிய பயன் கொட்டில்வரை சென்றடைவது இச்சிறு கவனங்களிலேயே தங்கியுள்ளது.