பொய்க்காலில் விழாமல் ஆடுவது எப்படி?



போன வருஷம் ஆண்டு விழாவில் பொய்க்கால் குதிரை ராணியாக வந்து, மேளம் ஆரம்பித்ததுமே தொபுக்கடீர்னு விழுந்தது நான்தான். “பொம்பளப் புள்ளைக்கு இதெல்லாம் எதுக்கு?” என்று சிலர் சொன்னார்கள். ராத்திரி முழுக்க அழுதேன். மறுநாள் எங்க தாத்தா (அந்தக் காலத்தில் ராஜா வேஷம் கட்டியவர்) கட்டையை வாங்கிக் கயிற்றைப் பார்த்தார். “ஆயி, உன் கால் மேல தப்பு இல்ல. கட்டு நெகிழ்ந்து போச்சு” என்றார். அவர் சொல்லிக்கொடுத்ததை எழுதுகிறேன்.

ஏன் விழுகிறோம்?
நம் பாதத்தை விடப் பொய்க்காலின் அடிப்பகுதி ரொம்பச் சின்னது. என் 38 கிலோ எடையும் அந்தச் சின்ன இடத்தில்தான் இறங்குது. பரப்பு குறைந்தால் அழுத்தம் கூடும் என்று அறிவியலில் படித்தோமே, அதுதான்! பனிச்சறுக்கில் இதற்கு நேர்மாறு. நீளப் பலகை எடையைப் பரப்பிவிடுவதால் பனியில் புதையாது. ஆனால் அங்கேயும் பூட்ஸ் தொளதொள என்று இருந்தால் கால் ஒரு பக்கம், பலகை ஒரு பக்கம்தான்.

கட்டும் முறை
1. உயரமான திண்ணையில் உட்கார்ந்து கட்டவும்.
2. முதலில் பழைய வேட்டித் துணியைக் காலில் சுற்றவும். இல்லாவிட்டால் கயிறு அறுத்துவிடும்.
3. குதிகால் கட்டையை விட்டுத் தூக்கக்கூடாது. ஆனால் விரல்களை அசைக்க முடியணும். மரத்துப்போனால் உடனே அவிழ்க்கவும்.
4. பத்து அடி நடந்ததும் துணி அமுங்கி, கட்டு நெகிழும். மறுபடி இறுக்கவும். நான் செய்யாமல் விட்டது இதைத்தான்!

நிற்கும் முறை
முழங்காலை லேசாக மடக்கவும். கீழே பார்க்காமல் எதிரே பார்க்கவும். அசையாமல் நிற்பதுதான் ரொம்பக் கஷ்டம். அதனால் சின்னச் சின்ன அடியாக மிதித்துக்கொண்டே இருக்கணும். குதிரைக் கூடு முன்பக்கமோ பின்பக்கமோ சாயாமல் தோளில் சமமாகத் தொங்கணும்.

தரைக்குத் தகுந்தபடி
முக்கொம்பு ஆற்று மணலில் கட்டை புதையும். இழுக்காமல் காலை நேராகத் தூக்கி வைக்கவும். சிமெண்ட் தரை வழுக்கும். அடியில் பழைய சைக்கிள் டயர்த் துண்டை அடித்துக்கொள்ளலாம். கரைமேட்டில் ஏறும்போது கொஞ்சம் முன்னால் சாயவும். இறங்கும்போது முழங்காலை இன்னும் மடக்கி, அடியைக் குறைக்கவும். புதிதாகப் பழகுபவர்கள் இரண்டு பேர் தோளைப் பிடித்துக்கொண்டுதான் பழகணும்.

இன்னொரு விஷயம். பொய்க்கால் குதிரைக்குத் தஞ்சாவூர் பேர்போனது. ஆனால் மரக்கால் கட்டி ஆடுவது அதைவிடப் பழசு. சிலப்பதிகாரத்தில் மாதவி ஆடிய 11 ஆடல்களில் ‘மரக்கால்’ ஒன்று. அசுரர்கள் பாம்பாகவும் தேளாகவும் வந்தபோது கொற்றவை மரக்காலால் மிதித்து ஆடியது அது என்று தமிழம்மா சொன்னார். அப்படியென்றால் ஆடியது ஒரு பெண்தானே!

இந்த வருஷமும் நான் ராணிதான். கட்டு நானே கட்டுவேன். எல்லோரும் வந்து பாருங்கள்.



– 9ஆம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவி