நீராவி எஞ்சினும் ஒரு பழுதுபார்ப்பும்

இயற்கையில் முன்பே இருப்பதை அறிந்து சொல்வதையும், இல்லாத கருவியைப் புதிதாகச் செய்வதையும் தமிழில் ‘கண்டுபிடிப்பு’ என்ற ஒரே சொல்லால் குறிப்பது வழக்கம். இரண்டாவதற்குப் ‘புதுப்புனைவு’ என்ற சொல்லே பொருத்தம். புதுப்புனைவு பெரும்பாலும் பழைய கருவியின் குறையிலிருந்துதான் பிறக்கிறது. ஜேம்ஸ் வாட்டின் நீராவி எஞ்சின் அதற்கு நல்ல சான்று.

கெண்டியின் மூடி ஆவியால் எழும்புவதைப் பார்த்து வாட் நீராவி எஞ்சினைக் கண்டுபிடித்தார் என்ற கதை பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். வாட் பிறந்ததோ 1736இல். அதற்கு 24 ஆண்டுகள் முன்பே, 1712இல், தாமஸ் நியூகோமனின் எஞ்சின் இங்கிலாந்தின் டட்லி அருகே சுரங்கத்து நீரை இறைத்துக்கொண்டிருந்தது.

நியூகோமனின் எஞ்சினில் உருளை முழுவதும் நீராவி நிரம்பியதும் உள்ளே குளிர்ந்த நீர் பீய்ச்சப்படும். ஆவி நீராகச் சுருங்க, வெற்றிடம் உண்டாகும். வெளிக்காற்றின் அழுத்தம் பிஸ்டனைக் கீழே தள்ளும். இப்படி ஒவ்வொரு முறையும் உருளை குளிர்ந்து, மறுபடி சூடாக வேண்டும். நிலக்கரி மலைமலையாக எரிந்தது.

1763–64 குளிர்காலத்தில் இந்த எஞ்சினின் சிறு மாதிரி ஒன்று, கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் கருவிகள் செய்துவந்த வாட்டிடம் பழுதுபார்க்க வந்தது. சரிசெய்த பிறகும் பிஸ்டன் சில முறை ஏறி இறங்கியதும் அது நின்றுவிட்டது. ஆவி எங்கே போகிறது என்று வாட் பொறுமையாக அளந்து பார்த்தார். குளிர்ந்த உருளையைத் திரும்பச் சூடாக்குவதிலேயே பெரும்பகுதி வீணாவது தெரிந்தது. உருளை சூடாகவே இருக்க வேண்டும், ஆவியோ குளிர வேண்டும்; ஒரே கலத்தில் இரண்டும் எப்படி நடக்கும்? 1765இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கிளாஸ்கோவின் புல்வெளியில் நடந்துகொண்டிருந்தபோது விடை தோன்றியது: ஆவியைத் தனிக் கலம் ஒன்றுக்குள் இழுத்து அங்கே குளிரவைப்பது. நொடியில் தோன்றிய யோசனைதான். ஆனால் அதற்கு முந்தைய மாதங்களின் அளவீடுகள் இல்லாமல் அது தோன்றியிராது.

1769இல் காப்புரிமை கிடைத்தது. எஞ்சின் மட்டும் வரவில்லை. பெரிய உருளையைத் துல்லியமான வட்டமாகக் குடைய அன்றைய பட்டறைகளால் முடியாததால், பிஸ்டனின் ஓரத்தில் ஆவி கசிந்தது. பீரங்கி குடைவதில் கைதேர்ந்த ஜான் வில்கின்சன், 1775 வாக்கில் தம் பொறியால் அந்த உருளையைக் குடைந்து கொடுத்தார். பர்மிங்ஹாம் தொழிலதிபர் மாத்யூ போல்டன் பணம் போட்டார். யோசனை தோன்றிப் பதினோரு ஆண்டுகள் கழித்து, 1776இல்தான் முதல் எஞ்சின்கள் வேலைக்கு வந்தன.

பழைய எஞ்சினோடு ஒப்பிட்டு, மிச்சமாகும் நிலக்கரியின் மதிப்பில் மூன்றில் ஒரு பங்கைப் போல்டனும் வாட்டும் கட்டணமாகக் கேட்டார்கள். சொந்தமாக நிலக்கரி இல்லாமல், கப்பலில் வரவழைத்து எரித்துவந்த கார்ன்வால் சுரங்கங்கள் அந்த விலைக்கும் முன்வந்து வாங்கின.