கயிறு ஓடும் வேகமும் க்யூ நகரும் வேகமும்

மணவாள நகரிலிருந்து கம்பெனி வண்டியில் ஷிப்ட்டுக்குப் போகும்போது என் பக்கத்தில் உட்காருபவன் எங்கள் லைன் பையன். கல்யாணம் ஆன புதுசு. மனைவியைக் காஷ்மீரில் உள்ள குல்மர்க் பனிமலைக்குக் கூட்டிப்போகப் பணம் சேர்க்கிறான். போன வாரம் போனை நீட்டி, வெளிநாட்டுப் பனிச்சறுக்கு மலைகளில் ஆட்களை நாற்காலியில் மேலே கொண்டுபோகும் இரண்டு சேர்லிப்ட்டுகளை வீடியோவில் காட்டினான். ஒன்றின் கயிறு விநாடிக்கு இரண்டரை மீட்டர் ஓடுகிறது, மற்றது ஐந்து மீட்டர். "அண்ணா, டபுள் ஸ்பீடுன்னா க்யூ பாதியாயிடும் இல்ல?" என்று கேட்டான்.

ஆகாது என்றேன். அவன் நம்பவில்லை. பலரும் நம்பமாட்டார்கள். பேக்கிங் பிரிவில் கன்வேயர் பக்கம் வருஷக்கணக்கில் நின்றவனுக்கு இது பழகிய கணக்கு. அதனால் பொறுமையாகச் சொல்லிப் பார்க்கிறேன்.

சேர்லிப்ட் பிறந்ததே ஏற்றுமதிச் சரக்கு லைனிலிருந்துதான். 1936-ல் அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில், யூனியன் பசிபிக் ரயில்வே கம்பெனி சன் வேலி என்ற பனிச்சறுக்கு ஊரைக் கட்டியது. அந்தக் கம்பெனியில் வேலை செய்த ஜேம்ஸ் கர்ரன் என்ற இன்ஜினியர் அதற்கு முன் வாழைத்தார்களைக் கப்பலில் ஏற்றும் ஓடும் கொக்கிகளை அமைத்தவர். கொக்கியில் தார் தொங்கும் இடத்தில் ஒரு நாற்காலி தொங்கினால் என்ன என்று யோசித்தார். உலகின் முதல் சேர்லிப்ட் அப்படித்தான் வந்தது. இதைப் படித்த அன்று எனக்கு உண்மையிலேயே பெருமையாக இருந்தது. நம் வேலைக்கும் அந்தப் பனிமலைக்கும் நடுவில் இருப்பது ஒரு வாழைத்தார்தான்.

நமக்குத் தெரிந்த மலை வண்டிகள் வேறு மாதிரி. பழனியில் 1966-ல் வின்ச் வந்தது, 2004-ல் ரோப்கார் வந்தது. திருத்தணி வழியாக நாங்கள் போய்வரும் சோளிங்கர் நரசிம்மர் மலையில் 2024-ல் ரோப்கார் ஓட ஆரம்பித்தது. ஆயிரத்து முந்நூறு படிகளை நினைத்தே மலையடிவாரத்தில் கும்பிட்டுத் திரும்பிய என் அம்மா வயதுக்காரர்கள் இன்று மேலே போய்ச் சாமி பார்க்கிறார்கள். பழனி ரோப்காரில் ஒரு பக்கப் பெட்டிகள் ஏறும்போது மறுபக்கப் பெட்டிகள் இறங்கும். நிலையத்தில் நிற்கும், ஆள் மாறும், மறுபடி கிளம்பும்.

சேர்லிப்ட் நிற்காது. அடிவாரத்தில் ஒன்று, உச்சியில் ஒன்று என இரண்டு பெரிய சக்கரங்கள். அவற்றைச் சுற்றி முனையே இல்லாமல் ஓடும் இரும்புக் கயிறு, அதில் வரிசையாகத் தொங்கும் நாற்காலிகள். பீகாரில் ராஜ்கிர் மலையில் இருக்கும் பழைய ஒற்றை நாற்காலி லிப்ட் இப்படித்தான். பின்னாலிருந்து நாற்காலி வரும், நாம் தயாராக நின்று சட்டென்று உட்கார்ந்துகொள்ள வேண்டும். உத்தராகண்டின் ஆவ்லி பனிச்சரிவில் 800 மீட்டர் நீளச் சேர்லிப்ட் ஒன்று இருக்கிறது.

வேகமான லிப்ட்டுக்கும் மெதுவான லிப்ட்டுக்கும் வித்தியாசம் மோட்டாரில் இல்லை, நாற்காலி கயிற்றைப் பிடிக்கும் பிடியில் இருக்கிறது. பழைய வகையில் பிடி கயிற்றோடு இறுகிப் பூட்டியிருக்கும். கயிறு என்ன வேகமோ, ஆள் ஏறும் இடத்திலும் நாற்காலிக்கு அதே வேகம். காலில் சறுக்குப் பலகை மாட்டியவர் வழுக்கிக்கொண்டே உட்காருவதால் விநாடிக்கு இரண்டரை மீட்டர் வரை சமாளிப்பார். அதற்கு மேல் போனால் நாற்காலி முழங்காலின் பின்பக்கத்தில் அடித்துத் தள்ளிவிடும். செருப்புக் காலோடு, புடவையோடு ஏறுபவர்கள் இருந்தால் இன்னும் மெதுவாக்க வேண்டும்.

புது வகையில் பிடி திறந்து மூடும். ஐந்து மீட்டர் வேகத்தில் நிலையத்துக்குள் வரும் நாற்காலியின் பிடியை ஒரு தண்டவாளம் அழுத்தித் திறக்கிறது. நாற்காலி கயிற்றை விடுகிறது. மேலே வரிசையாகச் சுழலும் ரப்பர் டயர்கள் அதைத் தொட்டுத் தொட்டு வேகத்தைக் குறைக்கின்றன. நடக்கும் வேகத்துக்கு, கிட்டத்தட்ட விநாடிக்கு ஒரு மீட்டருக்கு வந்துவிடும். சின்னப் பிள்ளைகூடப் பதறாமல் உட்காரலாம். அரைவட்டம் சுற்றியதும் எதிர்ப்பக்கத்து டயர்கள் ஒவ்வொன்றாக வேகம் கூட்டி, கயிற்றின் வேகத்துக்குக் கொண்டுவந்து சேர்க்கும். அப்போது பிடி மூடி, ஸ்பிரிங் பலத்தில் கயிற்றைக் கவ்விக்கொள்ளும். சரியாகக் கவ்வியதா என்று ஒவ்வொரு முறையும் சோதிக்கிறார்கள். சந்தேகம் வந்தால் லிப்ட் நின்றுவிடும். கன்வேயரில் ஒரு பெல்ட்டிலிருந்து இன்னொரு பெல்ட்டுக்குப் பெட்டி தாவும் இடத்தில்தான் எங்களுக்கும் எப்போதும் கவலை. அதே இடத்தில் மனித உயிரை வைத்து இத்தனை நுணுக்கமாகச் செய்திருக்கிறார்கள் என்பதை எத்தனை முறை வீடியோவில் பார்த்தாலும் எனக்கு அலுக்கவில்லை.

இந்தக் கழன்று பூட்டும் யோசனை சுவிட்சர்லாந்தில் 1940-களிலேயே இருந்தது. நாலு பேர் உட்காரும் அதிவேகச் சேர்லிப்ட்டாக அது வந்தது 1981-ல், அமெரிக்காவின் கொலராடோவில் உள்ள பிரெக்கன்ரிட்ஜ் மலையில். செய்தது ஆஸ்திரியாவின் டோப்பல்மேயர் கம்பெனி. பையன் போக நினைக்கும் குல்மர்க்கின் கொண்டோலாவைச் செய்தது பிரான்ஸின் போமா. அது பெட்டி வகை. முதல் கட்டம் 1998-லும் அபர்வத் மலைக்குப் போகும் இரண்டாம் கட்டம் 2005-லும் திறந்தன.

இனி பையனின் கேள்வி. இரண்டு லிப்ட்டும் 1,500 மீட்டர் நீளம், இரண்டிலும் நாலு இருக்கை என்று வைத்துக்கொள்வோம். ஏறும் இடத்தில் ஒரு நாலு பேர் உட்கார்ந்து நகர்ந்து, அடுத்த நாலு பேர் கோட்டுக்கு வந்து நிற்க ஆறு விநாடியாவது வேண்டும். கயிறு எவ்வளவு வேகமாக ஓடினாலும் மனிதக் கால் அதே கால்தான். ஆகவே ஆறு விநாடிக்கு ஒரு நாற்காலி: நிமிஷத்துக்குப் பத்து நாற்காலி, நாற்பது பேர், மணிக்கு 2,400 பேர். இது மெதுவான லிப்ட்டுக்கும் வேகமான லிப்ட்டுக்கும் ஒன்றே. மாறுவது நாற்காலிகளின் இடைவெளி. மெதுவானதில் 15 மீட்டருக்கு ஒன்று தொங்கும், வேகமானதில் 30 மீட்டருக்கு ஒன்று.

அப்படியானால் க்யூ? மலையில் 800 பேர் சறுக்குகிறார்கள் என்று வையுங்கள். நிமிஷத்துக்கு நாற்பது பேர்தான் ஏற முடியும் என்றால், எல்லோரும் ஒரு சுற்று முடிக்க 20 நிமிஷம். மெதுவான லிப்ட்டில் ஏறப் பத்து, சறுக்கி இறங்க ஐந்து, மீதி ஐந்து நிமிஷம் க்யூ. வேகமான லிப்ட்டில் ஏற ஐந்து, இறங்க ஐந்து, மீதி பத்து நிமிஷம் க்யூ. ஆம், க்யூ இரட்டிப்பாகிறது! நாற்காலியில் உட்கார்ந்து கழித்த ஐந்து நிமிஷத்தை இப்போது கீழே நின்று கழிக்கிறார்கள். அன்றைக்கு ஒருவருக்குக் கிடைக்கும் சுற்று ஒன்றுகூடக் கூடுவதில்லை.

கூட்டம் இல்லாத நாளில் கதை வேறு. அதே மலையில் 400 பேர் மட்டும் இருந்தால் க்யூவே இருக்காது. மெதுவான லிப்ட்டில் மணிக்கு நாலு சுற்று, வேகமானதில் ஆறு சுற்று. உறைபனிக் காற்றில் தொங்கிக்கொண்டு பத்து நிமிஷம் போவதும் ஐந்து நிமிஷம் போவதும் உடம்புக்கு ஒன்றல்ல. வேகமான லிப்ட்டில் ஏறும் இடத்தில் தடுமாறி விழுபவர் குறைவதால் லிப்ட்டை அடிக்கடி நிறுத்தவும் வேண்டியதில்லை. ஏட்டில் எழுதிய 2,400-க்குப் பக்கத்தில் நிஜமாகவே போக முடியும். என் பார்வையில் அதிவேக லிப்ட்டின் பெரிய லாபம் இதுதான். வேகத்தைவிட இதற்காகவே அதை வாங்கலாம். ஆனால் ஆவ்லி மாதிரி 800 மீட்டர் தூரத்துக்கு இரண்டரை நிமிஷச் சொச்சம் மிச்சம் பிடிக்க, இரு முனையிலும் அத்தனை டயரும் தண்டவாளமும் வைத்துப் பராமரிப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. பழைய வகைக்கு வேலை குறைவு. கயிறு ஒரே இடத்தில் தேயாமலிருக்கக் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை பிடிகளை நகர்த்திப் பூட்டினால் போதும், அது உழைக்கும்.

க்யூவைக் குறைக்க வேண்டுமென்றால் இருக்கையைக் கூட்ட வேண்டும். அதனால்தான் ஆறு பேர், எட்டு பேர் உட்காரும் நாற்காலிகள் வந்தன. அமெரிக்காவின் மொன்டானாவில் பிக் ஸ்கை மலையில் 2018-ல் எட்டு இருக்கை லிப்ட் ஓடத் தொடங்கியது. இருக்கை கூடினால் அதை நிரப்புவது தனி வேலை. மூன்று பேர் குடும்பம் ஆறு இருக்கை நாற்காலியில் ஏறிப் போனால், பாதி நாற்காலி காலியாக மலையேறுகிறது. பெரிய மலைகளில் தனியாக வருபவர்களுக்கென்று ஒரு வரிசை வைத்து, காலி இடத்தில் ஒவ்வொருவராகச் செருகுகிறார்கள்.

இதையெல்லாம் சொல்லி முடிப்பதற்குள் வண்டி கம்பெனி கேட்டுக்கு வந்துவிட்டது. இறங்குமுன் அவன் அந்த வீடியோவை மறுபடி ஓட்டினான். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன், அவன் எண்ணினான். ஒரு நிமிஷத்தில் பத்து நாற்காலி. "மூணுல ரெண்டு ரெண்டு பேருதான்ணா உக்காந்திருக்காங்க" என்றான்.